“உங்க அப்பா என்ன செய்கிறார்?”: ஆங்கில வகுப்பறையில் சாதி பேசும் மொழி

(கல்லூரி மாணவர்களும் இளம் ஆங்கில ஆசிரியர்களும் கலந்துகொண்ட பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, “பண்பாட்டு மதிப்பீடுகளும் ஆங்கிலம் கற்பித்தலும்”. பார்த்தால் சாதுவான தலைப்பாகத் தெரியும். ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் இதற்கென்று ஒரு வகுப்பே உண்டு. ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர்களுக்கும் இதை ஒரு நாள் பயிற்சியாக நடத்துகிறார்கள். அங்கே என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? அமெரிக்கர் நேரடியாகப் பேசுவார், ஜப்பானியர் சுற்றி வளைத்துப் பேசுவார், இந்தியர் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவார். இந்திய மாணவர் வகுப்பில் கேள்வி கேட்க மாட்டார், ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், ஏனென்றால் அது அவருடைய பண்பாடு. இப்படித்தான் போகும்.

இந்தப் ‘பண்பாடு’ என்ற சொல்லின் மேல்தான் எனக்குச் சந்தேகம். நம் ஊரில் சாதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் பண்பாடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் துறையும் அதே பழக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வருவது.

முதலில் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 77. கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் 1980இல் ஒரு புத்தகம் எழுதினார். ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் வேலை பார்த்தவர்களிடம் 1967 முதல் 1973 வரை வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் மதிப்பெண் போட்டார். அதில் ஒன்று ‘அதிகார இடைவெளி’. அதிகாரம் குறைந்தவர்கள், தங்களுக்கும் மேலே இருப்பவர்களுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை எந்த அளவுக்கு இயல்பானது என்று ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கான அளவு. அதில் இந்தியாவுக்கு 77. அமெரிக்காவுக்கு 40. பிரிட்டனுக்கு 35. இன்றைக்கும் நிறுவனப் பயிற்சிகளில் திரையில் போட்டுக் காட்டுவது இந்த எண்களைத்தான்.

இதில் எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, 1970 வாக்கில் இந்தியாவில் ஐ.பி.எம். அலுவலகத்துக்குள் நுழைந்து அந்தக் கேள்வித்தாளை நிரப்பியிருக்கக் கூடியவர்கள் யார்? விடையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ‘ஏற்றுக்கொள்கிறார்கள்’ என்ற அந்தச் சொல். யார் ஏற்றுக்கொண்டார்கள்? 1893இல் அய்யன்காளி தடை செய்யப்பட்ட சாலையில் வில்வண்டி ஓட்டிப் போனாரே, அவர் ஏற்றுக்கொண்டாரா? 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியவர்கள் ஏற்றுக்கொண்டார்களா? 1931 வாக்கில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பதினோரு தடைகள் போட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மக்கள் தாங்களாகவே ஏற்றுக்கொண்டிருந்தால் தடை எதற்கு? அடித்துப் பணிய வைத்ததை ‘ஏற்றுக்கொண்டார்கள்’ என்று எழுதுவதற்குப் பெயர் பண்பாட்டு ஆய்வாம்.

ஆகவே, வகுப்பில் ஒரு மாணவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அது ‘ஆசிய மாணவரின் அமைதி’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் தாத்தாவும் யார் யார் எதிரில் வாய் திறக்க முடியாமல் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதே வகுப்பில் இன்னொரு மாணவர் தயங்காமல் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் இந்தியர்கள்தான். இருவருக்கும் சேர்த்து 77 என்று ஒரே மதிப்பெண் போட்டால் எப்படி?

அடுத்து, நம் தமிழோடு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தி. ஆங்கிலத்தில் பணிவாகப் பேசுவது எப்படி என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாடங்களுக்குப் பின்னால் பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு பேரின் கோட்பாடு இருக்கிறது. 1978இல் முதலில் வெளிவந்தது. ஒருவரிடம் உதவி கேட்கும்போது எவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்கிறோம் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார்கள்: இருவருக்கும் உள்ள நெருக்கம், இருவருக்கும் இடையிலான அதிகாரம், கேட்கும் உதவியின் கனம். இதை அவர்கள் மூன்று மொழிகளை வைத்து எழுதினார்கள். ஒன்று ஆங்கிலம். இரண்டாவது மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்தால். மூன்றாவது தமிழ். லெவின்சன் தமிழுக்கான தரவுகளைத் திரட்டியது கோவை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில். அந்தக் கிராமத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று சாதி வாரியாகப் பார்த்துத் தனிக் கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

வேடிக்கையைப் பாருங்கள். உலகத்துக்கே பணிவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் கோட்பாட்டின் மூன்று கால்களில் ஒரு கால் நம் கொங்கு நாட்டுச் சாதி ஊரில் ஊன்றி நிற்கிறது. அது பயிற்சிப் புத்தகத்துக்குள் வந்து சேரும்போது சாதி காணாமல் போய், ‘அதிகாரம்’ என்ற பொதுச்சொல்லும் ‘குட் யூ ப்ளீஸ்’ என்ற வாக்கியமும் மட்டும் மிஞ்சுகின்றன.

நம் ஊரில் அந்த ‘அதிகாரம்’ எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியும். தமிழில் ஒருவரிடம் வாய் திறக்க வேண்டுமானால் முதல் சொல்லிலேயே அவர் எனக்கு மேலா கீழா என்று முடிவு செய்தாக வேண்டும். நீயா, நீங்களா? வாவா, வாங்களா? ‘வயசுக்கு மரியாதை கொடுப்பது நம் பண்பாடு’ என்பார்கள். அப்படியானால் எழுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பண்ணையார் வீட்டுப் பையன் ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டதும், அவர் அந்தப் பையனைச் ‘சின்னையா’, ‘சாமி’ என்று அழைக்க வேண்டியிருந்ததும் எந்தப் பண்பாடு? வயது அங்கே எங்கே போனது? மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு என்று பழமொழி சொல்கிறோம். ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தது, இன்னொரு பக்கம் வாங்கிக்கொண்டே இருந்தது. அதுதான் வரலாறு.

இந்த இடத்தில்தான் ஆங்கிலத்தின் ‘யூ’ என்ற சின்னச் சொல் பெரிதாகிறது. ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. ‘தௌ’ என்றால் நீ. ‘யூ’ என்றால் நீங்கள். 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினர், கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று சொல்லி, பிரபுவானாலும் நீதிபதியானாலும் எல்லாரையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். பிற்காலத்தில் பொது ஆங்கிலத்திலிருந்து ‘தௌ’ மறைந்துபோனது. மரியாதைச் சொல்லான ‘யூ’ எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. அதாவது ராணிக்கும் குப்பை அள்ளுபவருக்கும் ஒரே ‘நீங்கள்’. இதனால் இங்கிலாந்தில் ஏற்றத்தாழ்வு ஒழிந்ததா என்றால், இல்லை. பேசும் உச்சரிப்பை வைத்தே வர்க்கத்தைக் கண்டுபிடித்துவிடும் நாடு அது. ஆனால், வாய் திறந்தவுடன் எதிரில் இருப்பவரைத் தராசில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த மொழியின் இலக்கணத்தில் இப்போது இல்லை. அது சின்ன விஷயம் அல்ல.

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாணவி ஒருமுறை சொன்னாள்: “தமிழ்ல எங்க ஊர் ஆளுங்ககிட்ட ‘நீங்க சொல்றது தப்பு’ன்னு சொன்னா, சொன்ன விஷயத்தை விட்டுட்டு, நான் எப்படி அப்படிப் பேசலாம்னு சண்டைக்கு வருவாங்க சார். இங்கிலீஷ்ல ‘ஐ டோன்ட் அக்ரீ வித் யூ’ன்னு சொன்னப்போ பதில் சொன்னாங்க.” பதில் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். அவளுடைய வாதத்துக்குப் பதில் கிடைத்தது. ஆங்கிலத்தால் அவளுக்குக் கிடைத்தது அலங்காரம் அல்ல. பேசும் மனுஷியாக நிற்க ஓர் இடம்.

நாமோ அந்த இடத்தையும் நிரப்பிவிடுவதில் கெட்டிக்காரர்கள். ஒரு வாக்கியத்துக்கு மூன்று ‘சார்’ போடாமல் நம் வகுப்பறையில் ஆங்கிலம் பேச முடியாது. ‘யெஸ் சார், ஓகே சார், தேங்க் யூ சார்.’ நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்கிறோம் என்ற பெயரில் நாமே அதைப் பழக்கிவிடுகிறோம். ‘யூ’ ஒழித்ததை ‘சார்’ கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

இனி, ஆங்கில வகுப்பின் முதல் பாடத்துக்கு வருவோம். ‘செல்ஃப் இன்ட்ரொடக்ஷன்’. என் பெயர் இது, என் சொந்த ஊர் இது, என் அப்பா இந்த வேலை செய்கிறார். எல்லா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் இதில்தான் தொடங்குகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் முதல் பகுதியிலும் வீடு, குடும்பம், படிப்பு, வேலை என்றுதான் கேட்பார்கள். லண்டனில் உட்கார்ந்து பாடம் எழுதுபவருக்கு இவை மிக எளிய, நட்பான கேள்விகள். அறிமுகம் இல்லாத இரண்டு பேர் பேச்சைத் தொடங்க உதவும் கேள்விகள்.

நம் ஊரில் இவை என்ன கேள்விகள்? “எந்த ஊரு?” “அங்க எந்தத் தெரு?” “அப்பா என்ன பண்றார்?” “யார் வீட்டுப் பையன்?” சாதியைக் கேட்காமல் சாதியைக் கேட்க நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் கேள்விகள் அல்லவா இவை? பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் கேட்பது, வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்பது. ஊர், தெரு, தொழில் என்ற மூன்றையும் சொன்னால் நான்காவதை அவர்களே எழுதிக்கொள்வார்கள். அம்பேத்கர் தன் சிறு வயதில் மசூர் ரயில் நிலையத்தில் நடந்ததை எழுதியிருக்கிறார். நல்ல உடை உடுத்தி நின்ற பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அக்கறையோடுதான் விசாரித்தார். மகர் சாதி என்று தெரிந்த நொடியில் அவர் முகம் மாறிப்போனது. அக்கறையான கேள்வி எந்த நேரத்தில் அப்படி மாறும் என்று தெரியாத ஒருவருக்கு, எந்தக் கேள்வியும் எளிய கேள்வி அல்ல.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, “டெல் அஸ் அபவுட் யுவர் ஃபாதர்” என்கிறோம். அவன் அப்பா துப்புரவுப் பணியாளர். அவன் திக்குகிறான். ஆசிரியர் கையேட்டில் ‘தன்னம்பிக்கைக் குறைவு’ என்று எழுதுகிறோம். அவனுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. அந்த அறையில் என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிகிறது. பொய் சொல்வதா, உண்மையைச் சொல்லி அடுத்த மூன்று வருடம் அதைச் சுமப்பதா என்று அரை நிமிடத்தில் அவன் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஜோடியாக உட்கார்ந்து பேசிப் பழகும் பயிற்சியும் அப்படித்தான். உரையாடல் வழியாக மொழியைக் கற்பிக்கும் முறை நல்ல முறை, நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஆனால் ‘பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்’ என்று சொல்லும்போது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த முறை கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றித் திலகம் போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளிக்குள் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிச் சொற்களை நீக்க வேண்டும், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு நீதிபதி குழு வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வகுப்புக்குள்தான் நாம் வெளிநாட்டுப் பாடநூலை விரித்து வைத்து, ‘டர்ன் டு யுவர் பார்ட்னர்’ என்கிறோம்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்’ என்று பாடம் நடத்துகிறோம். தமிழ்நாட்டில் நமக்கு லாஸ்ட் நேம் இல்லை, இனிஷியல்தான் இருக்கிறது. அது ஏன் என்று வகுப்பில் சொல்கிறோமா? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தெருவில் சாதி ஒழியவில்லை என்றாலும், பெயர்ப் பலகையிலிருந்து அதை இறக்கியது அந்த இயக்கம். இன்று அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இல்லாத தமிழ்ப் பிள்ளைக்கு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சாகி வருகிறது. அது நமக்குக் குறை இல்லை, தோழர்களே. சாதிப் பட்டத்தைத் தூக்கிப்போட்டதற்கான ரசீது அது. பண்பாட்டு வேறுபாட்டை ஆங்கில வகுப்பில் பேச வேண்டுமென்றால் இதைப் பேசுங்கள். பண்பாடு கல்லில் எழுதியது அல்ல, மனிதர்கள் கூடித் தீர்மானம் போட்டால் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

‘அப்படியானால் ஆங்கிலம்தான் விடுதலையா?’ என்று கேட்பீர்கள். சாதி ஒழிப்பு வரலாற்றில் ஆங்கிலத்துக்கு ஓர் இடம் உண்டு. சாவித்திரிபாய் பூலே ஆங்கிலத்தைத் தாய் என்று அழைத்துக் கவிதை எழுதினார். ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’யை மராத்தியில் எழுதி, முன்னுரையை ஆங்கிலத்தில் எழுதி, அடிமை முறையை எதிர்த்த அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அவரும் பதில் எழுதினார். ‘சாதி ஒழிப்பு’ உரையை 1936இல் அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுத, அது பெரியாரின் குடி அரசு வழியாகத் தமிழுக்கு வந்தது. பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடல் என்றால் இதுதான். ஒடுக்கப்பட்ட இரண்டு மக்கள் ஒருவர் வலியை ஒருவர் மொழியில் அடையாளம் கண்டுகொண்டது. எந்த நிறுவனப் பயிற்சியிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் ஆங்கிலத்துக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ‘ஆங்கிலத் தேவி’க்குக் கோயில் கட்டும் முயற்சி 2010இல் நடந்தது. அதன் கோபத்தை மதிக்கிறேன், ஆனால் நமக்குப் புதிய சாமிகள் தேவையில்லை. ஆங்கிலம் ஒன்றும் கறை படியாத மொழி அல்ல. தமிழ்நாட்டின் ஒரு சாதிப் பெயரை எடுத்து, ‘எல்லாரும் ஒதுக்கித் தள்ளியவர்’ என்ற பொருளில் ‘பறையா’ என்று தன் அகராதியில் வைத்திருக்கிற மொழி அது. உலகச் செய்தி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் ஒதுக்கப்பட்ட நாட்டை ‘பறையா ஸ்டேட்’ என்று எழுதுகிறார்கள். நம் பாடநூலில் அந்தச் சொல் வந்தால், அதற்குப் பொருள் மட்டும் எழுதிப் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். அது யாருடைய பெயர், எப்படி வசைச் சொல் ஆனது என்று சொல்லிக்கொடுங்கள்.

ஆங்கிலம் பேசினால் சாதி கரைந்துவிடும் என்பதும் பொய். சரளமாக ஆங்கிலம் பேசும் பொறியாளர்கள்தான் அதைக் கலிபோர்னியா வரை கொண்டு போனார்கள். சிஸ்கோ நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு நடந்ததாகக் கலிபோர்னியா அரசுத் துறை 2020இல் வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் ரத்து செய்தார். தோளைத் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதையும், ‘நீங்க வெஜ்ஜா’ என்று கேட்பதையும் அங்கே இருக்கும் தலித் தோழர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க மேலாளருக்கு அது வெறும் நட்பு, வெறும் சாப்பாட்டுக் கேள்வி. பண்பாட்டுப் பயிற்சியில் அவருக்கு இந்தியரின் தலையாட்டலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, சாதியைப் பற்றிச் சொல்லவில்லை.

உள்ளூரிலும் ஆங்கிலமே ஒரு புதிய சாதியாக ஆகிக்கொண்டிருக்கிறது. பணம் கட்டிப் படித்தவரின் ஆங்கிலம் ‘நல்ல இங்கிலீஷ்’, அரசுப் பள்ளிப் பிள்ளையின் ஆங்கிலம் கேலிப்பொருள். தாய்மொழியில் நல்ல கல்வியும், அதோடு எல்லாருக்கும் தரமான ஆங்கிலமும் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க முடியும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பறிப்பவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஆசிரியர்களாகப் போகிற தோழர்களுக்குக் கடைசியாகச் சில வேலைகள் சொல்கிறேன். அறிமுகப் பாடத்தில் அப்பாவின் தொழிலையும் சொந்த ஊரையும் எடுத்துவிடுங்கள். பிடித்த படம், படித்த புத்தகம், கோபம் வரவைத்த ஒரு செய்தி என்று கேளுங்கள், இதைவிட நிறையப் பேசுவார்கள். ஜோடிகளை நீங்கள் அமையுங்கள், வாரம் ஒரு முறை மாற்றுங்கள். ‘சார்’ இல்லாமல் மறுத்துப் பேசும் வாக்கியங்களைப் பயிற்சியாகவே கொடுங்கள். முதலில் உங்களையே மறுத்துப் பேச விடுங்கள். நீங்கள் தமிழில் பேசும்போது எல்லா மாணவர்களையும் ‘நீங்க’ என்று கூப்பிடுங்கள். ‘யூ’ சொல்லும் ஆங்கிலம் நமக்குக் கற்றுத் தரக்கூடியது அதுதான். அதைத் தமிழுக்குக் கொண்டுவர எந்த இலக்கணமும் தடையாக இல்லை.

யாராவது வந்து, ‘பெரியவங்க முன்னாடி இப்படிப் பேசுறது நம்ம பண்பாடு இல்லை’ என்று உங்கள் மாணவியிடம் சொன்னால், அவள் நிமிர்ந்து, தமிழிலோ ஆங்கிலத்திலோ, “யாருடைய பண்பாடு?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் மற்ற இலக்கணத்தை அவளே கற்றுக்கொள்வாள்.